டிப்போ வாசலில் கேட்ட கேள்வி: புதுச்சேரியில் கட்டாய உழைப்புத் தடுப்பின் வரலாறு

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில், 1743ஆம் ஆண்டுப் பக்கங்களில் ஆள்கடத்தல் ஒன்று பதிவாகியிருக்கிறது. வெளியூர் ஆட்களை ஆசை காட்டி அழைத்து வருகிறார்கள். அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைத்து வைக்கிறார்கள். தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கு பூட்டி, இரவு நேரத்தில் மஸ்கரேன் தீவுகளுக்குப் போகும் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். தப்பி ஓடிவந்த ஒருவன் வாய் திறந்த பிறகே ஊருக்கு விஷயம் தெரிந்தது. துய்ப்ளேக்ஸ் ஆளுநராக இருந்த காலம் அது.

இந்தப் பதிவைப் படிப்பவர்கள் பொதுவாகக் கடத்தலின் கொடூரத்தோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அன்றைய புதுச்சேரியில் அடிமையை வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. பஞ்ச காலத்தில் பிள்ளைகளை விற்ற குடும்பங்கள் சோழமண்டலக் கரை முழுதும் இருந்தன. டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து செய்த ஏற்றுமதியும் அதே பஞ்சத்தை நம்பி நடந்ததுதான். பத்திரத்தோடு போனால் வியாபாரம், பத்திரமில்லாமல் போனால் திருட்டு. ஆக, காகிதம் சரியாக இருக்கிறதா என்பதே அதிகாரத்தின் கவலை. ஆள் எப்படி அகப்பட்டான் என்பதல்ல. அடுத்த இருநூற்றெண்பது ஆண்டுகளின் தடுப்பு முயற்சிகளை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே வாசித்துவிடலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கடைச்சரக்கின் பக்கத்திலிருந்தும் புதுச்சேரியைப் பார்க்க வேண்டும். கினே என்று பிரெஞ்சு வணிகர்கள் அழைத்த, அவுரி நீலம் தோய்த்த பருத்தித் துணி இந்த ஊரின் புகழ்பெற்ற சரக்கு. அது மேற்கு ஆப்பிரிக்காவில் பணம்போலவே புழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைக் கொடுத்து ஆட்களை வாங்கினார்கள். பின்னர் செனகல் ஆற்றங்கரையில் பிசினுக்கு மாற்றாகக் கொடுத்தார்கள். 1820களின் இறுதியில் எழுந்த சவானா ஆலை முதலில் நம்பியிருந்த சந்தையும் அதுதான். தறிக்காரரும் சாயக்காரரும் கூலி வாங்கிக்கொண்டு செய்த துணி, கண்காணாத கரையில் இன்னொரு மனிதனுக்கு விலையாகப் போயிற்று. சங்கிலியின் ஒரு கண்ணியில் இருப்பவருக்கு அடுத்த கண்ணி தெரியாமல் போவது நம் காலத்து நோய் மட்டுமல்ல.

பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை 1848 ஏப்ரல் 27 ஆணையால் ஒழித்தது. ரீயூனியன் தீவில் அது அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பர் 20 அன்று. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது; ஆளுக்குப் பிரான்ஸ் பார்த்த இடம் புதுச்சேரியும் காரைக்காலும். அதற்கு இருபது ஆண்டு முன்பே யானம் பகுதியிலிருந்து தெலுங்குத் தொழிலாளர் சிலர் ரீயூனியனுக்குப் போயிருந்தார்கள். இப்போது அது பெருந்தொழிலாயிற்று. 1853 மே மாதம் அவுரேலி என்ற கப்பல் மர்த்தினிக்கை அடைந்தது. மறு ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பில் நங்கூரமிட்டது. 1880களின் முடிவுக்குள் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேரும் மர்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ரீயூனியனுக்குப் போனவர்கள் இதைவிட அதிகம்.

இவர்களைக் கூட்டி வந்தவன் மேஸ்திரி. தலைக்கு இவ்வளவு என்று தரகு. தஞ்சை, தென்னார்க்காடு ஜில்லாக்களின் சந்தையிலும் சத்திரத்திலும் அவன் ஆள் பிடித்தான். கையில் கொஞ்சம் முன்பணம், வாயில் தாராளமான வாக்குறுதி. பிரிட்டிஷ் எல்லையைத் தாண்டிப் பிரெஞ்சு மண்ணுக்குள் வந்துவிட்டால் சென்னைச் சட்டம் துரத்தாது. வில்லியனூர், பாகூர் பக்கம் திட்டுத் திட்டாகச் சிதறிக் கிடக்கும் எல்லையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு சுலபம் என்று புரியும். ஒரு வரப்பைத் தாண்டினால் போதும். இதே சௌகரியத்தைச் சாராயத்துக்குப் பயன்படுத்துகிறவர்கள் இன்றும் உண்டு.

சென்னை அரசு புகார் செய்தபடி இருந்தது. பலனாக வந்தது 1861 ஜூலை 1 அன்று பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கை. கட்டாய உழைப்பைத் தடுக்க எழுதப்பட்ட பழைய ஆவணங்களில் இதை மிக நேர்த்தியானது என்பேன். ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுக்கு மேல் கூடாது. வாரத்தில் ஆறு நாள். நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. துறைமுகத்தில் பிரிட்டிஷ் முகவர் ஒருவர் இருப்பார். ஆட்களைத் தங்கவைக்கும் டிப்போவுக்குள் அவர் எப்போதும் நுழைந்து பார்க்கலாம். கப்பலேறும் முன் ஒவ்வொருவரும் தன் விருப்பத்தில்தான் போகிறாரா, போகும் இடம், கூலி, பயண நாள் எல்லாம் தெரிந்தவரா என்று அவர் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அந்தக் கேள்வி கேட்கப்படும் நேரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். வந்தவன் சில வாரமாக டிப்போவில் சாப்பிட்டிருக்கிறான். வாங்கிய முன்பணம் செலவாகிவிட்டது, அல்லது ஊரில் கடன்காரனிடம் போய்விட்டது. எதிரே துரை, பக்கத்தில் மொழிபெயர்ப்பவன், வாசலில் மேஸ்திரி. 'சம்மதமா?' என்றால் என்ன சொல்வான்? தலையாட்டியதைச் சம்மதம் என்று பேரேட்டில் எழுதிக்கொண்டார்கள். வெளியே கடற்கரையில் சலங்குப் படகுகள் காத்திருக்கும். 1866இல் இரும்புப் பாலம் வரும்வரை அலையைக் கடந்து கப்பலுக்குப் போக அவற்றைவிட்டால் வழியில்லை.

உடன்படிக்கை தோற்றது காகிதத்தின் குறையால் அல்ல. 1877இல் ரீயூனியனுக்குப் போன கோல்ட்ஸ்மிட், மியோ இருவரின் பிரிட்டிஷ்-பிரெஞ்சுக் கூட்டு விசாரணைக் குழு, காலம் முடிந்தும் விடாமல் பிடித்து வைப்பதையும் ஞாயிற்றுக்கிழமை வேலையையும் கூலிப் பிடித்தத்தையும் கண்டது. 1882இல் பிரிட்டிஷ் இந்தியா ரீயூனியனுக்கு ஆள் போவதை நிறுத்தியது. கரீபியத் தீவுகளுக்கு 1888 வாக்கில் நின்றது. தடை வந்ததற்குத் தோட்டத்தில் நடந்தது காரணமாயிற்று. மேஸ்திரியின் முன்பணத்தை யாரும் கடைசிவரை தொடவில்லை. போனவர்களின் பிள்ளைகளுக்குக் குடியுரிமை கிடைத்த கதை தனி. குவாதலூப்பில் ஆன்ரி சிதம்பரம் 1904 முதல் 1923 வரை வழக்காடி அதை வாங்கினார்.

வேறுவிதமாக நடந்த ஒரு கட்டம் புதுச்சேரி வரலாற்றில் உண்டு. அது ஆலைகளுக்குள் நடந்தது. கடல் தாண்டிப் போனவனுக்குக் காகிதத்திலாவது ஒன்பதரை மணி நேரம் இருந்தது. எழுபது ஆண்டு கழித்தும் உள்ளூர் மில்லில் அதுவும் இல்லை. 1935இல் சவானாவில் வேலைநிறுத்தம் தொடங்கியது. வ. சுப்பையா போன்ற தலைவர்கள் தொழிலாளர்களை அமைப்பாக்கினார்கள். 1936 ஜூலை 30 அன்று போலீஸ் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை அடங்கிய தொழிலாளர் ஆணை வந்தது. ஆசியாவிலேயே முதலாவது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அதில் விவாதம் இருக்கலாம். விவாதமில்லாதது இது: ஆய்வுக்கு வந்த அதிகாரியின் முன்னால் தனியாக நின்று தலையாட்ட வேண்டிய நிலை தொழிலாளிக்கு அன்றோடு போயிற்று. அவன் சார்பில் பேசச் சங்கம் இருந்தது.

அந்த மில்கள் இன்று இல்லை. ஊரார் ரோடியர் மில் என்றே சொல்லும் ஏ.எஃப்.டி. 2020 ஏப்ரல் 30 அன்று முறைப்படி மூடப்பட்டது. நூற்பும் தையலும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கம் நிலைகொண்டுவிட்டன. புதுச்சேரிக்கு அதில் எஞ்சியிருப்பது காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் குவியும் ஏற்றுமதி மிச்சம்: கழுத்துப்பட்டையில் கம்பெனிப் பெயர் கத்தரிக்கப்பட்ட சட்டைகள். ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் துவைக்கும் குறிப்பு இருக்கும், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்று இருக்கும். நூலை எந்த மில் நூற்றது என்பது மட்டும் எங்கும் இருக்காது.

அந்த நூலில்தான் மேஸ்திரி திரும்ப வந்தான். சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், பதின்வயதுப் பெண்களை மூன்று ஆண்டு மில் விடுதியில் தங்க வைத்து, இறுதியில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவதாகச் சொன்னார்கள். கல்யாணச் செலவுக்கு ஆயிற்று என்று பெற்றோரும் அனுப்பினார்கள். நடுவில் விட்டு வந்தால் மொத்தமும் போயிற்று. இங்கே முன்பணத்துக்குப் பதில் பின்பணம், பிணைப்பு அதேதான். 2011இல் நெதர்லாந்தின் சோமோவும் இந்தியா கமிட்டியும் வெளியிட்ட ஆய்வு இதை ஐரோப்பியக் கடைகளின் பெயரோடு சேர்த்துப் பேசியபோது பிராண்டுகள் விழித்தன. தணிக்கையாளர்களை அனுப்பினார்கள். அவர்கள் போனது திருப்பூர்த் தையல் கூடத்துக்கு. நூற்பாலை சங்கிலியில் இரண்டு மூன்று படி பின்னால் இருந்தது. அங்கே போனாலும் கேட்டது டிப்போவில் கேட்ட அதே கேள்வி, விடுதி வார்டன் பக்கத்தில் நிற்க.

துணியோடு முடிகிற விஷயமும் அல்ல. 2020இல் வில்லியனூரை ஒட்டிய ஒரு கிராமத்தில், வாத்து மேய்க்கக் கொத்தடிமைகளாக வைக்கப்பட்டிருந்த இருளர் சிறுமிகள் மீட்கப்பட்டார்கள். பெற்றோர் வாங்கிய சொற்ப முன்பணம்தான் விலங்கு. நகரத்துக் கறிக்கடைக்கும் முட்டைக்கடைக்கும் அந்தக் கிராமம் அரைமணி நேரத் தொலைவு.

சட்டங்கள் இப்போது சங்கிலியின் கடை முனையைப் பிடித்து இழுக்கின்றன. பிரிட்டனின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய நிறுவனங்களை ஆண்டறிக்கை எழுத வைத்தது; எழுதினால் போதும் என்பதுபோல. டாக்கா அருகே ராணா பிளாசா ஆடைத் தொழிற்கூடக் கட்டடம் இடிந்த பிறகு, பிரான்ஸ் 2017 மார்ச் 27 அன்று கண்காணிப்புக் கடமையைச் சட்டமாக்கி, சப்ளையர்வரை பெருநிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை ஒழுங்குபடுத்திய பழைய பிரெஞ்சு ஆணை ஒன்றின் தேதியும் மார்ச் 27தான், ஆண்டு 1852. தற்செயல்தான், ஆனால் பாரிசில் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் கட்டாய உழைப்பில் உருவான பொருளை விற்கத் தடை விதித்திருக்கிறது. 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வரும்.

இவற்றைவிட 1937இன் தொழிலாளர் ஆணையை நினைவூட்டுவது 2022 ஏப்ரலில் வந்த திண்டுக்கல் ஒப்பந்தம். ஆடை ஆலை ஒன்றின் பெண் தொழிலாளி கொல்லப்பட்டதன் பிறகு, தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ், எச் அண்டு எம் முதலிய தரப்புகள் கையெழுத்திட்டன. வெளியாள் வந்து ஒரு நாள் பார்த்துவிட்டுப் போவதில்லை. ஒவ்வொரு லைனிலும் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளிகளே கண்காணிக்கிறார்கள். மீறினால் பிராண்ட் வியாபாரத்தில் கைவைக்கக் கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் அது சில ஆலைகளுக்கு மட்டுமே. முன்பணம் கைமாறும் கிராமம் அதன் எல்லைக்கு வெளியே.

கிராமத்தைத் தொட்ட சட்டம் ஒன்று நம்மிடமே இருக்கிறது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், 1976. அதன் 6ஆம் பிரிவு அந்த முன்பணக் கடனை ஒரேயடியாக அழிக்கிறது. 15ஆம் பிரிவு இன்னும் துணிச்சலானது: இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்ல என்று நிரூபிக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன். அமெரிக்கா 2021இல் சின்ஜியாங் சரக்குக்கு மட்டும் இதையொத்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: கட்டாய உழைப்பு இல்லை என்று இறக்குமதியாளர் காட்ட வேண்டும். ஐரோப்பாவின் புதிய விதியில் நிரூபிக்கும் சுமை அதிகாரிகளிடமே இருக்கிறது. 1861இன் டிப்போ, 'சம்மதமா' என்று தொழிலாளியைக் கேட்டது. 1976இன் சட்டம், 'எதற்குக் கொடுத்தாய்' என்று மேஸ்திரியைக் கேட்கிறது. கேட்பதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்றும் அதுவே சொல்கிறது. பாரிசும் பிரஸ்ஸல்சும் அனுப்பும் கேள்வித்தாள்களில் சப்ளையரின் சான்றிதழ் எண்ணுக்கு இடம் இருக்கிறது. அந்த மாவட்டத்தின் குழு கடைசியாக எப்போது கூடியது என்பதற்கும் ஒரு கட்டம் சேர்க்கலாம்.