படத்தின் ஓரத்தில் ஒரு பெயர்

மார்கழி, தை மாதங்களில் பெரும்பாக்கம் சதுப்பு நிலத்துப் பக்கம் போனால், பறவைகளுக்குச் சமமாகக் கேமராக்காரர்களையும் பார்க்கலாம். முழ நீள லென்ஸ். சொடக்குப் போடும் நேரத்தில் ஐம்பது படம். கேமரா இல்லாத காலத்தில் இந்த வேலையை யார் செய்தார்கள் என்று தேடப்போய்க் கிடைத்த இரண்டு பெயர்கள் ரங்கய்யா, கோவிந்து.

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1819-இல் மதராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர் ராபர்ட் வைட். அவருடைய மனம் மருத்துவத்தைவிடச் செடிகொடிகளில்தான் இருந்தது. தென்னாட்டுத் தாவரங்களைச் சேகரித்து, உலர்த்தி, படம் வரைவித்தார். வரைந்தவர் முதலில் ரங்கய்யா. 1845 வாக்கில் அவருக்குப் பின் கோவிந்து. ‘ஐகோனஸ் பிளான்டாரம் இண்டியே ஓரியன்டாலிஸ்’ என்ற நூல் 1838 முதல் 1853 வரை மதராஸில் வெளிவந்தது. ஆறு தொகுதிகள், 2101 படங்கள்! பெரும்பாலும் வண்ணம் தீட்டாதவை. வண்ணம் வேண்டுமென்றால் ஒவ்வொரு பிரதியிலும் கையால்தான் பூச வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும்.

நம் காலத்தில் தாவரவியல் படித்தவர்களுக்கு ரெக்கார்டு நோட்டு மறந்திருக்காது. செம்பருத்தியை நெடுக்காகப் பிளந்து, சூலகம் தெரிய, எச்.பி. பென்சிலால் ஒரே கோடாக வரைய வேண்டும். நிழல் கொடுத்தால் வாத்தியார் திட்டுவார். அதே வேலைதான் இது, நூறு மடங்கு நுணுக்கமாக. ஒரே தாளில் கிளை, இலை, மொட்டு, பிளந்த பூ, காய், விதை எல்லாம் வர வேண்டும். ஆவணியில் பூத்து தையில் காய்க்கும் செடியை ஒரு புகைப்படத்தில் அப்படிக் காட்ட முடியுமா? ஓவியன் காட்டுவான். தாவரவியல் நூல்களில் இன்றைக்கும் கோட்டோவியம் இருப்பது இதனால்தான்.

வரைந்தது அப்படியே அச்சாகிவிடாது. சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படத்தை ஏற்றி, கல்லை நனைத்து, மை உருட்டி எடுப்பார்கள். கோட்டில் மை ஒட்டும். ஈரமான இடத்தில் ஒட்டாது. கல்லில் நேரடியாக வரைந்தால் இடம் வலமாக மாறிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வைட்டிடம் எனக்குப் பிடித்தது, படத்தின் அடியில் ஓவியர் பெயரைப் போட்டதுதான். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். வில்லியம் ராக்ஸ்பரோவின் சோழமண்டலக் கரைத் தாவர நூலில் 300 படங்கள் உண்டு. இந்திய ஓவியர்கள் வரைந்தவைதான். ஆனால் அவர்கள் பெயரை அதில் தேடிப் பயனில்லை. வைட் இன்னொரு படி மேலே போய், ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயியா’ என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் அதை ‘டிராபிடியா’வுக்குள் சேர்த்துவிட்டார்கள். தாவரவியல் விதி அப்படி. இருந்தாலும் எனக்குச் சற்று வருத்தம்தான்.

வைட் 1853-இல் ஊர் திரும்பினார். மூல ஓவியங்கள் கியூவிலும் எடின்பரோவிலும் இருக்கின்றன. 2007-இல் எடின்பரோ தாவரவியல் தோட்டம் வெளியிட்ட ஹென்றி நோல்ட்டியின் நூலில் ரங்கய்யா, கோவிந்து இருவர் பெயரும் தலைப்பிலேயே வந்துவிட்டன. நூற்றைம்பது வருஷம் ஆயிற்று!

நம்மவரே எழுதி, நம்மவரே வரைந்து, தன் பெயரையே போட்டுக்கொள்ள இன்னொருவர் வர வேண்டியிருந்தது. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996). மாநிலக் கல்லூரியில் அவருக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர் பேராசிரியர் ஃபைசன். நீலகிரி, பழனி மலைகளின் தாவரங்களைப் பற்றிப் படங்களோடு நூல் எழுதியவர். அவருடன் மலைகளுக்குப் போய்வந்த கிருஷ்ணன், நீர்வண்ண ஓவியத்தை ஃபைசனின் மனைவியிடம் கற்றுக்கொண்டார். 1950-இல் கல்கத்தா ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் அவர் தொடங்கிய இயற்கைப் பத்தி, அவர் கண்மூடும் வரை 46 ஆண்டுகள் வந்தது. உடன் வந்த கோட்டோவியங்களும் அவர் கைவண்ணமே. காட்டு யானையை மட்டுமல்ல, வீட்டு ஓணானையும் காக்கையையும் மதித்துப் பார்த்த மனிதர்.

வைட்டின் தொகுதிகளை ‘பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி’ இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பேரப்பிள்ளைகளைத் திறந்து தரச் சொல்லுங்கள். படத்தைப் பெரிதாக்கி அடி ஓரத்தைப் பாருங்கள். ஆங்கில எழுத்தில், பொடியாக, பெயர் இருக்கும்.