டிக் டிக் கேட்டால் உடனே பிடுங்கு

வட சென்னையில் ஹார்ட் டிஸ்க் பார்க்கிற தொழிலுக்கு வேர் எங்கே என்று கேட்டால், நான் பர்மா பஜாரைத்தான் காட்டுவேன். 1962-இல் பர்மாவில் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு வருஷத்தில் கடைகண்ணிகள் அரசுடைமை ஆயின. ரங்கூன் தமிழர்கள் பலர் கட்டிய துணியோடு கப்பலேறி வந்தார்கள். அவர்கள் பிழைப்புக்காக 1969-இல் பீச் ஸ்டேஷன் எதிரே வந்ததுதான் அந்தக் கடை வரிசை. துறைமுகம் பக்கத்திலேயே இருந்ததால் வெளிநாட்டு டேப் ரெக்கார்டரும் வி.சி.ஆரும் அங்கே குவிந்தன. பில் கிடையாது, வாரண்டி கிடையாது. கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு போக சர்வீஸ் சென்டரும் கிடையாது. ராயபுரம், தண்டையார்பேட்டை மெக்கானிக்குகளுக்குச் சோறு போட்டது அந்த இல்லாமைதான். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் அப்படி வந்தவர்.

அவருடைய பெருமை வி.சி.ஆர். ஹெட். மெல்லிய தோலை ஸ்பிரிட்டில் நனைத்து, உருளையைச் சுற்றி ஒரே சீராகத் துடைப்பார். மங்கிய படம் பளிச்சென்று வரும். டிஸ்க் வந்தபோது அந்தக் கை உதவவில்லை. டேப்பில் ஹெட் உரசிக்கொண்டே ஓடும். டிஸ்கில், நிமிஷத்துக்கு 5400 சுற்று சுழலும் தட்டின் மேல், ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியில் தொடாமல் மிதக்கும். ஒரு தூசி போதும், கதை முடிந்தது. மூடியைத் திறக்காமலே வைத்தியம் பார்க்க அவரும் நானும் சேர்ந்துதான் கற்றோம்.

கம்ப்யூட்டர் சாமான் மீதான சுங்க வரியை எடுக்க 1997-இல் இந்தியா ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2005-இல் வரி சுழியமானது. ரிச்சி தெருவில் டிஸ்க் மலிந்தது. யு.எஸ்.பி. 2.0-வும் பரவிவிட்ட காலம். காசிமேட்டுக் கல்யாண வீடியோக்கள் கேசட்டை விட்டு எக்ஸ்டர்னல் டிஸ்குக்குக் குடிபோயின. திருவொற்றியூர் தேரடிப் பக்கம் என் கடைக்கு ஸ்டுடியோக்காரர்கள் வர ஆரம்பித்தது அப்போதுதான்.

எங்கள் பக்கம் 'செத்துப்போச்சு' என்று வரும் டிஸ்கில் பாதி சாகவே இல்லை. யு.எஸ்.பி. 2.0 வாய் தருவது 500 மில்லி ஆம்பியர்; டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். இரண்டு தலை கேபிள் வந்ததே அதற்காகத்தான். அடுத்தது கடல் காற்று. நட்சத்திர ஸ்குருவைக் கழற்றிப் போர்டைத் திருப்பினால், ஹெட்டுக்குப் போகிற புள்ளிகள் கறுத்திருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து மாட்டினால், எத்தனையோ டிஸ்க் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. போர்டே எரிந்திருந்தால் முன்பு அதே மாடலிலிருந்து மாற்றிவிடலாம். பிறகு வந்த டிஸ்குகளில் அந்தந்த ஹெட்டுக்கான அளவுகள் போர்டிலுள்ள எட்டுக் கால் சில்லில் இருக்கும். அதையும் பெயர்த்து வைக்க வேண்டும்.

டிக் டிக் சத்தம் வேறு சங்கதி. ஹெட் தன் தடத்தைத் தேடிப் போகிறது, கிடைக்காமல் திரும்புகிறது, மறுபடி போகிறது. உடனே பிடுங்க வேண்டும். கேபிளையும் வாயையும் மாற்றி ஒரே ஒரு முறை பார்க்கலாம்; அப்போதும் சத்தம் வந்தால் தொடவே கூடாது. சத்தம் இல்லாமல் தவழ்கிற டிஸ்கில் செக்டிஸ்க் போடுவதை நான் பாவம் என்றே சொல்வேன். அது ஃபைல் அட்டவணையைச் சரிசெய்கிறேன் என்று, சாகக்கிடக்கும் டிஸ்கின் மேலேயே எழுதும். லினக்ஸில் டிடி-ரெஸ்க்யூ வந்தபின் எங்கள் முறையே மாறியது: நல்ல பகுதியை முதலில் வேறு டிஸ்குக்கு எடுத்துவிட்டு, கெட்ட இடத்துக்குக் கடைசியில் வரும், எது எடுத்தது, எது பாக்கி என்று குறித்தும் வைக்கும். டிஸ்கைப் பிழைக்க வைப்பதை விட்டு, உள்ளே இருப்பதைக் காப்பாற்றும் தொழிலாக இது ஆனது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த டிஸ்குகளை ஜனங்கள் வெயிலில் காயவைத்தும் அரிசியில் புதைத்தும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலான டிஸ்கின் மூடியில் ஊசித் துளை ஒன்று இருக்கும். அடைக்காதே என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். காற்றழுத்தம் சமமாக இருக்க வைத்த அந்த வழியில் தண்ணீரும் போய்விடும். காய்ந்தால் சேறு தட்டில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடே கவரில் போட்டுக் கட்டுவதுதான் சரி.

2023-இல் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெயும் வந்தது. எர்ணாவூர் டிஸ்குகள் கறுப்புப் பிசுக்கோடு வந்து சேர்ந்தன. போர்டை மட்டும் கழற்றி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பிரஷ் போட்டுக் கழுவினேன். மூடியைத் திறக்கத் தூசியில்லாத அறை வேண்டும், அது என்னிடம் இல்லை. அந்த வசதி உள்ள இடத்தில் புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு கேட்பார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவேன். சீக்கிரம் கொண்டு சேருங்கள், வீட்டில் யாரும் ஒரு தடவை செருகிப் பார்த்துவிட வேண்டாம் என்று கவரின் மேலேயே மார்க்கரில் எழுதிக் கொடுத்தனுப்பினேன்.