டெல்லியில் 3 லட்சத்துக்கு பழைய கார்: மதுரைக்கு கொண்டுவந்தா லாபமா? முழு கணக்கு இதோ!

“டெல்லி கார், சிங்கிள் ஓனர், விலை வெறும் 3.20 லட்சம்!” இப்படி ஒரு வீடியோ உங்கள் செல்போனுக்கும் வந்திருக்கும். அதே மாடல் பழங்காநத்தம் பக்கம் விசாரித்தால் 4.20 லட்சம் சொல்கிறார்கள். அப்போ ஒரு லட்சம் மிச்சம்தானே? அவசரப்படாதீங்க. முழு கணக்கையும் பார்ப்போம்.

டெல்லியில் ஏன் இவ்வளவு மலிவு?

டெல்லி தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளும், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக்கூடாது என 2015-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தந்தாலும், உரிமையாளர்களுக்கு பயம் போகவில்லை. வயதாகும் வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். விலை குறைய இது முக்கிய காரணம். வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் செலவு அங்கேயே முடிவதும் இல்லை.

பெரிய செலவு: சாலை வரி

முதல் உரிமையாளர் ஆயுள் வரி கட்டியது டெல்லி அரசுக்கு. தமிழ்நாட்டில் பதிவு செய்ய இங்கே தனியாக வரி கட்ட வேண்டும். 2023 நவம்பரில் இருந்து தமிழ்நாட்டில் புது காருக்கு ஆயுள் வரி இப்படி உள்ளது:

• 5 லட்சம் வரை: 12%
• 5 முதல் 10 லட்சம் வரை: 13%
• 10 முதல் 20 லட்சம் வரை: 18%
• 20 லட்சத்துக்கு மேல்: 20%

பழைய வண்டிக்கு அதன் வயதுக்கு ஏற்ப சதவீதம் குறையும். ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வரி போடுவது நீங்கள் பேரம் பேசி வாங்கிய விலைக்கு அல்ல, வண்டி புதிதாக விற்றபோது இருந்த பில் விலைக்கு!

ஒரு மாதிரி கணக்கு

புதிதாக 8 லட்சத்துக்கு விற்ற கார் என்று வைத்துக்கொள்வோம். வரி, எடுத்துக்காட்டுக்கு 10%.

• டெல்லி விலை: 3,20,000
• சாலை வரி: 80,000
• டெல்லி போக, வண்டியைப் பரிசோதிக்க: 10,000
• சுமார் 2,600 கி.மீ. ஓட்டிவர எரிபொருள்: 17,000
• சுங்கச்சாவடி, சாப்பாடு, தங்கல்: 8,000
• ஆவணம், மறுபதிவு வேலைகள்: 10,000

மொத்தம் 4,45,000 ரூபாய். உள்ளூர் விலையைவிட 25,000 அதிகம். ஒரு லட்சம் லாபம் எங்கே போனது என்று இப்போது புரிந்திருக்கும்.

என்ஓசி இல்லையா? வாங்காதீங்க

டெல்லி போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 மூலம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பெயர் மாற்ற படிவம் 29, 30. இங்கே புது எண் வாங்க படிவம் 27. வங்கிக் கடன் இருந்திருந்தால், அது முடிந்ததற்கான படிவம் 35-ம் கட்டாயம். நிலுவை அபராதம் இருக்கிறதா என்று பணம் கொடுக்கும் முன்பே ஆன்லைனில் பாருங்கள்.

“12 மாதம் வரை அதே நம்பரில் ஓட்டலாம்” என்று புரோக்கர் சொல்வார். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவில் அந்த 12 மாதம் இருப்பது உண்மைதான். ஆனால் அது வண்டியை வேறு மாநிலத்தில் வைத்திருப்பது பற்றியது. கைமாறிய வண்டி என்றால், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி ஆர்டிஓவிடம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 50-வது பிரிவு.

இதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? ஆர்சியும் இன்சூரன்ஸும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும்போது விபத்து நடந்தால், உங்கள் வண்டி சேதத்துக்கு இழப்பீடு கிடைப்பது சிக்கலாகிவிடும். வாங்கிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளைம் போனஸ் உங்களுக்கு வராது. அதனால் பிரீமியமும் கூடலாம்.

வெளிநாட்டில் இருந்து கொண்டு வரலாமா?

துபாய், சவுதியில் இருந்து திரும்புபவர்கள் கேட்கும் கேள்வி இது. இந்தியாவுக்கு வரும் பழைய காரின் ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். வளைகுடா கார்களில் ஸ்டீயரிங் இடது பக்கம். ஆக, வாய்ப்பே இல்லை. வலது பக்க ஸ்டீயரிங் உள்ள சிங்கப்பூர், மலேசியா கார் என்றாலும் 3 ஆண்டுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும். சுங்க வரியே காரின் விலையைத் தாண்டிவிடும்.

உள்ளூரில் வாங்கினால்?

டிஎன் 58, 59, 64 என மதுரைப் பதிவு வண்டி என்றால் ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது. பெயர் மாற்றம் மட்டும் போதும். தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப்போய் ஓட்டிப் பார்க்கலாம், சர்வீஸ் பதிவுகளை நேரில் விசாரிக்கலாம். ஜிஎஸ்டி பதிவு பெற்ற டீலரிடம் வாங்கினால், அவருடைய லாபத் தொகைக்கு மட்டும் 18% ஜிஎஸ்டி உண்டு. தனிநபரிடம் வாங்கினால் அதுவும் இல்லை.

எப்போது வெளிமாநில கார் லாபம்?

விலை வித்தியாசம், இங்கே கட்டும் வரி, கொண்டுவரும் செலவு, ஆவணச் செலவு மூன்றையும் சேர்த்ததைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே லாபம். டெல்லியில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் அலைச்சல் அதிகம், அதை நம்பி கணக்குப் போடாதீர்கள். அட்வான்ஸ் அனுப்பும் முன் ஆர்சி நகலோடு உங்கள் பகுதி ஆர்டிஓ அலுவலகத்தில் வரி எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுங்கள். அந்த ஒரு தொகை தெரிந்தாலே வாங்கலாமா வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.