எல்லையும் சாட்சியும்: மயிலிட்டி நினைவெழுத்தில் காணி உறுதியின் சாயல்

ஊரை இழந்தவர்கள் தம் ஊரைப் பற்றி எழுதும் தன்வரலாற்றுக் குறிப்புகளை ஊர் ஏக்கம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டு, அவற்றில் புனைவின் நேர்த்தி இல்லையென்று ஒதுக்கிவைப்பது எளிது. அந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையாக இருப்பது தனிமனிதனின் அகத்தைத் திறந்து காட்டும் தன்வரலாறு என்ற அளவுகோல். யாழ்ப்பாணத்துக் கடலோர ஊரான மயிலிட்டியைப் பற்றி அவ்வூர் மக்கள் எழுதிவரும் நினைவுகளை அந்த அளவுகோலால் அளந்தால் அவை குறைபட்டே தோன்றும். ஆனால் யாழ்ப்பாணச் சமூகத்தில் எழுத்தாளர் அல்லாதவர்களின் வீட்டிலும் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் எழுத்துக்கள் இரண்டு உண்டு. ஒன்று இறந்தவர் பெயரில் அச்சிடப்படும் கல்வெட்டு, மற்றது காணி உறுதி. மயிலிட்டி நினைவெழுத்து முதலாவதிலிருந்து குரலையும் இரண்டாவதிலிருந்து அமைப்பையும் பெற்றுள்ளது என்பதும், அது வலுப்பெறுவது இரண்டாவதைப் பின்பற்றும் இடங்களிலேயே என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

காங்கேசன்துறைக்குக் கிழக்கே, பலாலிக்கு மேற்கே, வலிகாமம் வடக்கில் அமைந்த மயிலிட்டி, மீன்பிடித் துறைமுகத்தால் பெயர் பெற்ற ஊர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது அதன் மக்கள் வெளியேறினர். ஊர் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் சென்றது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகமும் அதனையொட்டிய 54 ஏக்கர் நிலமும் விடுவிக்கப்படும்வரை, 27 ஆண்டுகள், அவ்வூரார் மல்லாகம் கோணப்புலம் போன்ற நலன்புரி முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் புலம்பெயர் நாடுகளிலும் வாழ்ந்தனர். கண்ணால் காணமுடியாத ஊரைச் சொல்லால் நிறுத்தும் முயற்சி இந்த இடைவெளியில் பெருகியது.

கல்வெட்டு என்பது இங்கே கல்லில் பொறித்த சாசனத்தைக் குறிக்காது. அந்தியேட்டி என்னும் முப்பத்தொன்றாம் நாள் கிரியையையொட்டி உறவினருக்கு வழங்கப்படும் சிறு நூலையே யாழ்ப்பாணத்தார் அப்பெயரால் அழைப்பர். இறந்தவரின் படம், இறந்த திதியை வெண்பா யாப்பில் சொல்லும் செய்யுள், தோத்திரப் பாடல்கள், வாழ்க்கைச் சுருக்கம், அதன்பின் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என அது அமையும். கவனிக்கத்தக்கது, தன்மையிடத்தில் அமைந்த இப்புலம்பல்களைப் பெரும்பாலும் அவர்களுக்காக ஊர்ப் புலவர் ஒருவரே பாடிக்கொடுத்தார் என்பது. ‘நான்’ என்று பேசுவது ஒரு மனிதர் அல்லர், ஓர் உறவுநிலை. மகள் என்ற இடத்தில் நிற்கும் எவருக்கும் அந்த ‘நான்’ பொருந்தும். பிறர் எழுதித் தந்த தன்கூற்றைத் தன்னுடையதாக ஏற்பதற்குக் கூச்சம் கொள்ளாத இந்த மரபு அறியப்படாவிட்டால், ஊர் நினைவுகளில் ஒருவரின் அனுபவமும் அயலாரின் அனுபவமும் தையல் தெரியாமல் கலந்துகிடப்பது பிழையாகவே படும். 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிம ஆவணகம் இத்தகைய நினைவு மலர்களையும் தொகுத்து வைத்திருப்பது, பேராசிரியர்கள் புறக்கணித்த ஒரு வகைமைக்குக் கிடைத்த காலந்தாழ்ந்த மரியாதை எனலாம்.

உறுதியின் செய்தி இன்னும் நுட்பமானது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதி இலக்கத்தால் மட்டும் நிலத்தைச் சுட்டுவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரை அடுத்துப் பரப்புக் கணக்கு வரும். 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். பின்னர் நான்கு எல்லைகள்: கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே இன்னாருடையது, மேற்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் பிள்ளைகளுடையது என்று, நிலம் தன்னைத் தன் அயலவர் பெயராலேயே சொல்லிக்கொள்ளும். அயல் காணியில் உள்ள கிணற்றில் பங்கு, தண்ணீர் வரும் வாய்க்கால், நடந்துபோகும் வழி ஆகியவையும் உரித்தாகக் குறிக்கப்படும். முன்னோர் முதுசமாக வந்ததா, சீதனமாக வந்ததா, தேடிய தேட்டமா என்ற வரலாறு, ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை வகுத்த முறைப்படி சொல்லப்படும். இறுதியில் நொத்தாரிசின் முன்னிலையில் இரு சாட்சிகள் கையெழுத்திடுவர்.

ஊர் நினைவெழுத்தில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பும் இதுவே. ஒரு வீட்டைச் சொல்லத் தொடங்குபவர் அதன் உட்புறத்தை வருணிப்பதற்கு முன், அது யாருடைய வளவுக்கு அருகில், எந்த ஒழுங்கை முடக்கில், கலைமகள் வித்தியாலயத்திலிருந்து எத்திசையில், காணிக்கை மாதா ஆலயத்துக்கு எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதைச் சொல்லாமல் நகர்வதில்லை. புனைகதை வாசகருக்குச் சலிப்பூட்டும் இப்பட்டியலே ஊரவருக்கு உயிரான பகுதி. அதை வாசிக்கும் மற்றொருவர், அந்த மூலையில் நின்றது வேம்பு அல்ல, பூவரசு என்று திருத்துவார். கிணறு அவர்களுடையது அல்ல, பங்குக் கிணறு என்று இன்னொருவர் சேர்ப்பார். இத்திருத்தங்களைப் பின்னூட்டமாகக் கருதாமல் சாட்சிக் கையெழுத்தாகக் கருதுவதே பொருத்தம். இரண்டாவது நினைவு வந்து சேரும்வரை முதலாவது நினைவு முற்றுப்பெற்ற ஆவணமாவதில்லை.

இலக்கணம் இங்கே சிறிது துணைசெய்யும். முன்னிலையாரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாட்டைத் தமிழ் பேணிவருகிறது. யாழ்ப்பாணப் பேச்சிலோ ‘எங்கட ஊர்’ என்பது அயலூராரை விலக்கவும் ஊரவரை அணைக்கவும் ஒருங்கே பயன்படுகிறது. நினைவெழுத்தின் ‘எங்கட’ எவரை உள்ளே எடுக்கிறது என்பது வாசிப்பவர் சாட்சி சொல்ல வல்லவரா என்பதைப் பொறுத்ததே.

இந்த ஒப்புமை உவமை அழகுக்காகச் சொல்லப்பட்டதன்று. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் நிலத்தைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்ற காரணம் கூறப்பட்டது. உரிமையாளர்களோ சில கல் தொலைவிலுள்ள முகாம்களில் இருந்தனர். ஆயிரக்கணக்கில் நீதிமன்றத்தை நாடினர். ஆளே இல்லை என்று அரச ஏடு சொல்லும்போது, வடக்கே இன்னார், கிழக்கே இன்னார் என்று பெயர் பெயராக எழுதிவைப்பது ஏக்கமாக மட்டும் இருக்க முடியாது. சட்டத்தின் முன் அது சான்றாகாது என்பது உண்மைதான். ஆயினும் அது மறுத்துரைப்பது அந்த ஏட்டின் அடிப்படைக் கூற்றையே.

எனினும் உறுதியின் குறைகளும் இவ்வெழுத்தில் படிந்துள்ளன. உறுதி காணியுள்ளவருக்காகவே பேசும். குடியிருக்க நிலமற்றவர், சம்மாட்டி என்னும் முதலாளியின் வலையை இழுத்தவர், சாதியால் கிணற்றில் அள்ள மறுக்கப்பட்டவர் ஆகியோர் அதன் எல்லைகளில் பெயராக வருவதில்லை. கே. டானியல் ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிய, சாதி ஒடுக்குமுறையின் யாழ்ப்பாணத்தை ஊர் நினைவுகளில் தேடுபவர் பெரும்பாலும் வெறுங்கையோடு திரும்ப நேரும். கல்வெட்டிலிருந்து வந்த புகழ்ச்சியும் இதற்குத் துணைபோகிறது. இறந்தவரைப் போலவே இழந்த ஊரும் குற்றமற்றதாகிவிடுகிறது. இன்னொரு மறைப்பு கூர்ந்து பார்த்தாலே தெரியும்: வீடும் வளவும் பெருமளவு பெண்வழிச் சீதனமாக இறங்கும் சமூகத்தில், ஆண்கள் எழுதும் ‘எங்கட வீடு’ உறுதிப்படி தாயின் அல்லது சகோதரியின் வீடாக இருக்கலாம்; அதனைச் சொல்லும் பழக்கம் ஆண்களின் எழுத்துக்கு இல்லை.

கடலுக்கோ உறுதியே இல்லை. மீனவ ஊரின் நினைவெழுத்து கரையைத் தாண்டும் கணத்தில் அதன் மொழி மாறுவது இதனாலேயே. அங்கே எல்லைகள் காற்றுக்களால் அமைகின்றன. வாடை, சோளகம், கச்சான், கொண்டல் என்ற நான்கும் திசையும் பருவமும் தொழிலின் தன்மையுமாகின்றன. கரையில் தெரியும் கோபுரம், பனைக்கூடல், கலங்கரை விளக்கு போன்றவற்றில் இரண்டை ஒரே கோட்டில் நிறுத்தி வலை விட்ட இடத்தைக் குறித்துக்கொள்ளும் முறையில், நிலம் கடலுக்கு அடையாளமாகிறது. பருவ காலத்தில் நெடுந்தீவில் வாடி அமைக்கும் மீனவரை வைத்துச் செங்கை ஆழியான் எழுதிய ‘வாடைக்காற்று’ (1973) இவ்வுலகைக் காதலும் பகையுமாகக் கதையாக்கியது. ஊரவர் குறிப்புகளுக்கு அத்தகைய கதைக்கட்டு இல்லை. ஆனால் மீன்பாடு, கரைவலை, வள்ளம் கரையேற்றல் பற்றிய அவர்களது சில வரிகள், தொழிலைக் கையால் அறிந்தவரின் சிக்கனத்தால், நாவலாசிரியரும் எட்டாத இடத்தைத் தொடுகின்றன.

2017க்குப் பின் எழுத்தை நிலத்தோடு ஒப்பிடும் வாய்ப்பு வந்தது. வேலிகள் அழிந்து பற்றை மண்டிய இடங்களில் வளவை அடையாளம் காணக் கட்டுக்கிணறு போன்ற அசையாப் பொருள்களே உதவின. பங்குக் கிணறு யாருடைய எல்லையில் இருந்தது என்ற பழைய விவாதம் அங்கே பயனுள்ள அறிவாயிற்று. மறுபுறம், கோணப்புலத்தில் பிறந்து வளர்ந்த தலைமுறைக்கு ஊர் என்பது பிறர் காணியில் போட்ட கொட்டில்களின் வரிசை. அவர்களில் ஒருவர் தம் கதையை எழுத உட்காரும்போது முதுசம், சீதனம், தேட்டம் ஆகிய மூன்றில் எதுவும் கைகொடுக்காது. நான்கு எல்லைகளுக்கும் எதிரே அவர் எழுதவேண்டிய பெயர்கள் மயிலிட்டியிலிருந்தும் ஏனைய வடபுல ஊர்களிலிருந்தும் வந்து, ஒரே தண்ணீர்க் குழாயின் முன் வாளியோடு நின்றவர்களின் பெயர்கள்.