உள்கட்டின் அந்தரங்கம் யாருடையது?

1873-இல் வங்காளத்தையே உலுக்கிய தாரகேஸ்வர் வழக்கு, கல்கத்தாவின் காளிகாட் கடைத்தெருவில் படமாக விற்பனையானது. கோயில் தலைவரான மகந்துடன் தொடர்பு வைத்திருந்ததாக எலோகேஷி என்ற இளம்பெண்ணை அவள் கணவன் நபீன் அரிவாள்மணையால் வெட்டிக் கொன்றான். காளி கோயிலுக்கு வரும் யாத்ரீகர்களுக்காகப் படம் எழுதிய பட்டுவாக்கள் அவள் மகந்தைச் சந்தித்ததையும் அவள் கொலையையும் தாள் தாளாகத் தீட்டினார்கள். பெண்ணை வீட்டுக்குள் மறைத்து வைத்த காலம் அது. அன்றைய கல்கத்தாவின் பெரிய வீடுகளில் ஆண்களுக்கு வெளிக்கட்டும், பெண்களுக்கு அந்தர்மஹால் என்னும் உள்கட்டும் இருந்தன. அந்த அடைப்பு காத்தது குடும்பத்தின் மானத்தை. உள்ளே வாழ்ந்தவளை அல்ல. அதனால்தான் மானம் கெட்டது என்று ஆனதும் எலோகேஷியின் வாழ்க்கை சந்தைக்கு வந்தது. வீட்டின் மறைவு வேறு, வீட்டில் வசிப்பவரின் அந்தரங்கம் வேறு. இதை நம் சட்டம் தெளிவாக உணர ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

பழைய வழக்குகளே இதற்குச் சாட்சி. பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக ஜன்னல் திறந்து நம் முற்றத்தைப் பார்த்தால் தடுக்க முடியுமா என்பதே அன்று நீதிமன்றங்கள் எதிர்கொண்ட கேள்வி. 1860-களில் சென்னை உயர்நீதிமன்றம் அப்படி ஓர் உரிமை இல்லை என்றது. 1870-இல் கல்கத்தா உயர்நீதிமன்றமும் அதையொட்டியே தீர்ப்பளித்தது. 1882-இன் வசதியுரிமைச் சட்டம், ஊர் வழக்கம் இருந்தால் மட்டும் அந்த உரிமைக்கு இடம் தந்தது. 1888-இல் அலகாபாத் உயர்நீதிமன்றம் அதை ஏற்றபோது, பெண்கள் பிற ஆண்களின் கண்ணில் படாமல் வாழும் கோஷா வழக்கத்தையே அடிப்படையாகக் காட்டியது. உரிமை கிடைத்த இடத்திலும் அது அண்டை வீட்டாருக்கு எதிரானது மட்டுமே. ஒரே கூரையின்கீழ் ஒருவரை இன்னொருவர் கண்காணித்தால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது கேமரா. கொல்கத்தாவில் ஒரு பழைய குடும்பத்தின் வீட்டில் விலைமதிப்புள்ள கலைப்பொருட்கள் இருந்தன. அவற்றின் பாதுகாப்புக்கென்று ஒரு சகோதரர் குடியிருப்புப் பகுதிக்குள்ளும் கேமரா பொருத்த, மற்றவர் வழக்குத் தொடுத்தார். அவர் சம்மதமின்றி அந்தக் கேமராக்கள் இயங்கக்கூடாது என்றது கல்கத்தா உயர்நீதிமன்றம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் அளித்த தீர்ப்பே அதற்கு ஆதாரம். 2025 மே மாதம் உச்சநீதிமன்றமும் இதில் தலையிட மறுத்தது. ஊர் வழக்கத்தையும் கோஷாவையும் சாராமல், அங்கே வசிக்கிறார் என்பதாலேயே ஒருவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைத்ததுதான் பெரிய மாற்றம்.

சொத்து என்னுடையது, அதைக் காக்க எனக்கு உரிமை இல்லையா என்று கேட்கலாம். களவு போகும் பொருள் பலமுறை வீட்டுக்குள் இருப்பவர் கையாலேயே போகிறது என்பதும் உண்மைதான். ஆனால் பொருளைக் காக்க வாசலில் கேமரா உண்டு, பூட்டிய அறை உண்டு, பொருள் பட்டியல் உண்டு. கூடத்தில் மறைத்து வைத்த கேமராவோ பொருளைவிட மனிதரையே அதிகம் பதிவு செய்கிறது: யார் எப்போது உறங்குகிறார், யாரோடு பேசுகிறார், எதற்காக அழுகிறார் என்பதை. இதற்குப் போதுமான சட்டங்கள் உள்ளன என்பதும் சரியல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு உடலின் அந்தரங்க உறுப்புகளைப் படமெடுப்பதை மட்டுமே தண்டிக்கிறது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தனிநபர் தம் வீட்டுத் தேவைக்காகத் திரட்டும் தரவுக்கு விலக்கே அளித்துவிட்டது. ஆகவே, குடியிருப்புக்குள் கேமரா வைக்க அங்கே வசிப்பவர், வேலை செய்பவர் அனைவரின் சம்மதமும் வேண்டும் என்று நாடாளுமன்றம் எழுதிவைக்க வேண்டும். கொல்கத்தா சகோதரருக்கு வழக்காட வசதி இருந்தது; வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு அது இல்லை. அவளுக்கும் எட்டும்போதுதான் இது உரிமை ஆகும்.