சிவந்த கை

'லஞ்சம் வாங்கிய அதிகாரி கையும் களவுமாகப் பிடிபட்டார்' என்று அடிக்கடி பேப்பரில் படிக்கிறீர்கள். இதையே ஆங்கிலப் பத்திரிகை 'ரெட்-ஹாண்டட்' என்று எழுதும். கை ஏன் சிவப்பு? வெட்கத்திலா?

ஊஹூம்... ரத்தம்! 15-ம் நூற்றாண்டு ஸ்காட்லாந்து சட்டங்களிலேயே 'ரெட் ஹாண்ட்' வந்துவிடுகிறது. கொலை செய்துவிட்டு, கையில் ரத்தம் காய்வதற்குள் அகப்பட்டவன் என்று அர்த்தம். அவனுக்கு வாய்தா கீய்தா எல்லாம் கிடையாது. சுடச்சுட விசாரணை, தண்டனை! அந்தச் சொல்லை 'ரெட்-ஹாண்டட்' ஆக்கி, 1819-ல் வெளியான 'ஐவன்ஹோ' நாவல் மூலம் ஊர் உலகத்துக்குப் பரப்பியவர் சர் வால்டர் ஸ்காட். அவர் வக்கீலும்கூட!

கொலைகாரனுக்கு ரத்தம் சாட்சி. திருடனுக்கு? 'ஹாண்ட்-ஹாபெண்ட்' என்றொரு பழைய ஆங்கிலச் சட்டச்சொல் உண்டு. திருட்டுப் பொருளைக் கையில் வைத்திருப்பவன் என்று பொருள். முதுகில் சுமந்துகொண்டு போனால் 'பேக்-பெராண்ட்'. நம்முடைய 'கையும் களவும்' இதோடு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள்!

இங்கிலாந்தில் ஹாலிஃபாக்ஸ் என்ற ஊரில் இந்தச் சொற்களுக்கு விலை, உயிர். அது கம்பளித் துணி நெய்யும் ஊர். துணியைத் திறந்தவெளியில் மரச்சட்டங்களில் இழுத்துக் கட்டிக் காயப்போடுவார்கள். ராத்திரி சுருட்டிக்கொண்டு போவது சுலபம். ஆகவே ஒரு பயங்கர விதி: பதிமூன்றரை பென்ஸோ அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளோடு சிக்கினால், தலை போகும். நிஜமாகவே! இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே கோடரி பொருத்திய கட்டையைக் கயிற்றால் தூக்கி, சட்டென்று விடுவார்கள். பிரெஞ்சு கில்லட்டின் 1792-ல்தான் வேலையை ஆரம்பித்தது. ஹாலிஃபாக்ஸ் அதற்கு ரொம்ப சீனியர்! திருடியது குதிரையோ மாடோ என்றால், கயிற்றை அந்தப் பிராணியை விட்டே இழுக்க வைப்பார்களாம்.

விசாரிக்க ஊர்க்காரர்கள் 16 பேர் உண்டு. ஆனால், கையில் பொருள் இருந்ததா, அது எவ்வளவு பெறும் என்பதுதான் அங்கே பெரிய கேள்வி. ஏன் திருடினான், வீட்டில் பசியா என்பதெல்லாம் கணக்கில் வராது. கடைசியாக 1650 ஏப்ரலில் இரண்டு தலைகள் விழுந்தன. துணியும் குதிரைகளும் திருடிய குற்றம்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். லஞ்ச ஒழிப்புப் போலீஸார் ரூபாய் நோட்டில் பினாப்தலீன் பவுடரைத் தடவிக் கொடுத்தனுப்புவார்கள். வாங்கியவர் விரலைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால், தண்ணீர் ரோஸ் கலருக்கு மாறும். ஸ்காட்லாந்து ரத்தத்துக்குப் பதில் கெமிஸ்ட்ரி!

ஆனால், இங்கே ஒரு பெரிய வித்தியாசம். கலர் மாறிவிட்டால் மட்டும் கதை முடியாது. லஞ்சத்தைக் கேட்டார், வாங்கினார் என்ற இரண்டும் நிரூபணமாக வேண்டும் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதிப்படுத்தியது. வேண்டாதவர் எவராவது பாக்கெட்டில் திணித்துவிட்டுப் போயிருந்தால்?

அடுத்த தடவை 'கையும் களவுமாக' என்று படித்ததும், 'இவனையெல்லாம் அங்கேயே வெச்சு...' என்று உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும். கூடவே, அந்தப் பதிமூன்றரை பென்ஸையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்!