பஞ்சுப் பொதியும் பாம்பின் படமும்: போலிப் பெருமை குறிக்கும் சில ஆங்கிலப் பெயரடைகள்

உள்ளதை விடப் பெரிதாகத் தோற்றுவிக்கப்பட்டவற்றைக் குறிக்கும் பெயரடைகள் ஆங்கிலத்தில் பல. பாம்பாஸ்டிக், டர்ஜிட், பாம்ப்பஸ், கிராண்டியோஸ் என்பன அவற்றுட் சில. தமிழாக்கம் செய்வோர் இவை அனைத்திற்கும் ‘ஆடம்பரமான’ என்னும் ஒரே சொல்லை இட்டு அமைவதுண்டு. இச்சொற்களின் வரலாற்றை நோக்கின் அவ்வாறு செய்வது பொருந்தாமை புலப்படும்.

‘பாம்பாஸ்ட்’ என்பது முதலில் பேச்சைக் குறித்த சொல்லன்று, பஞ்சைக் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக வந்த இதன் மூலம் ‘பாம்பாக்ஸ்’ என்னும் இடைக்கால இலத்தீன் சொல்லாகும். (நம் இலவ மரத்தின் பேரினத்திற்குத் தாவரவியலார் வழங்கும் பெயரும் இதுவே.) பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆடவர் அணிந்த டப்லெட் என்னும் மேற்சட்டையின் மார்பும் வயிறும் புடைத்துத் தோன்றப் பஞ்சு திணிப்பது வழக்கம். ஒரு சட்டைக்கு நான்கு முதல் ஆறு பவுண்டு வரை பஞ்சு செல்வதாக 1583இல் பிலிப் ஸ்டப்ஸ் கடிந்தெழுதினார். 1592இல் ராபர்ட் கிரீன் பெயரில் வெளிவந்த சிறுநூல், செய்யுளைப் புடைக்கச் செய்தலுக்கு இச்சொல்லை வினையாக ஆள்கின்றது. ‘ஒதெல்லோ’ நாடகத்தின் முதற்காட்சியில் இயாகோ தன் தலைவனின் பேச்சை இகழ்கையில் இச்சொல்லோடு ‘திணித்தல்’ என்னும் வினையும் சேர்ந்தே வருகின்றது. அவையோர் உடுத்திருந்த சட்டையே அங்கு உவமை. ‘பாம்பாஸ்டிக்’ என்னும் பெயரடை பதினெட்டாம் நூற்றாண்டில் பரவியபோது அச்சட்டை வழக்கொழிந்திருந்தது. உவமை மறைந்து வசை மட்டும் எஞ்சிற்று. பாராசெல்சஸ் என்னும் மருத்துவரின் இயற்பெயரில் ‘பாம்பாஸ்டஸ்’ இருப்பது கொண்டு இச்சொல் அவரிடமிருந்து பிறந்தது என்பாரும் உளர், அது பொருந்தாது.

பருத்தி கலந்த முரட்டுத் துணியாகிய ‘ஃபஸ்டியன்’ என்பதும் அதே காலத்தில் போலி நடைக்குப் பெயராயிற்று. ‘டர்ஜிட்’ என்பதன் வேர் வீங்குதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினை. ஹோரஸ் தம் கவிதையியல் நூலில் அவ்வினையைக் கவிஞரின் குறையைச் சுட்டவே ஆண்டுள்ளார்.

‘பாம்ப்பஸ்’ தனித்து ஆராயத்தக்கது. ஊர்வலம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்த இது, முற்காலத்தில் மெய்யான சிறப்பையும் குறித்தது. ஆதலின் பதினேழாம் நூற்றாண்டு உரைநடையில் ஓர் அரச விழா இவ்வடையைப் பெற்றிருப்பின், அதனை இகழ்ச்சியாகப் பெயர்ப்பது பிழையாகலாம். ‘கிராண்டியோஸ்’ பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்த விருந்தாளி. பிரெஞ்சில் இன்றும் அது பாராட்டே. ஆங்கிலத்தில்தான் அளவு மீறிய திட்டம், தற்பெருமை ஆகியவற்றின் மேல் சென்றது.

இனித் தமிழ்ப் பக்கம் காண்போம். ‘ஆடம்பரம்’ வடமொழியில் ஒருவகை முரசு, பின் பேரொலி. ‘ஆரவாரம்’ என்பதும் ஒலியே. ஆங்கிலம் துணியிலும் வீக்கத்திலும் கண்டதைத் தமிழ் வழக்கு ஓசையில் கண்டது. ஆயின் இன்று ஆடம்பரம் என்பது மிகுசெலவு. ஆடம்பரத் திருமணத்தில் பந்தலும் மெய், செலவும் மெய், கடனும் மெய். பஞ்சு திணித்த பேச்சிலோ உள்ளே ஒன்றுமில்லை.

அவ்வகையில் நெருங்கி நிற்பது ‘படாடோபம்’. பாம்பு படம் விரித்துப் பெருத்துக் காட்டுவதே அதன் வடமொழி மூலப்பொருள். நஞ்சில்லாப் பாம்பும் படம் விரித்தால் அச்சந்தரும் என்னும் கருத்துப் பஞ்சதந்திரத்தில் உண்டு. எனினும் இச்சொல்லும் செலவின் பக்கம் சாய்ந்துவிட்டது. எனவே பேச்சுக்கும் எழுத்துக்கும் ‘வெற்றாரவாரம்’ எனல் தகும். ‘வெற்று’ என்னும் முன்னொட்டே அங்குப் பஞ்சின் வேலையைச் செய்கின்றது. ஆளைக் குறிக்கும் ‘பாம்ப்பஸ்’ஸுக்கு ‘பகட்டான’ என்பதை விட ‘வீறாப்பான’ என்பது பொருந்தும். ‘கிராண்டியோஸ்’ அடை பெற்ற திட்டத்தை மட்டும் ஒரு சொல்லால் பெயர்த்தல் அரிது. ‘தகுதிக்கு மீறிய’ என விரித்தெழுதுவதே இப்போதைக்கு வழி.